உலகக் கடல் மீன்வளம் பற்றிய புள்ளிவிவரங்களை எவ்வளவு நம்பலாம்? அவற்றை எங்கிருந்து சீர்செய்யத் தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறார். 'உலகின் மீன் இருப்புகளில் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஓர் இன மீன் கூட்டம் ஓர் இருப்பு) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது' என்ற கூற்றை நம்பலாமா என்பது ஒன்று. தேக்கா சந்தையில் மீன் வாங்கும் நமக்கு அந்தக் கணக்கைச் சீர்செய்வதில் ஏதேனும் பங்கு உண்டா என்பது மற்றொன்று. சிங்கப்பூரில் மீன் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பணியாற்றும் எனக்கு இரண்டும் அன்றாடம் எதிர்ப்படும் கேள்விகள். கணக்கின் பெரும் குறை ரோமில் தொகுக்கப்படும் அறிக்கையில் இல்லை, மீன் கரையேறும் இடத்தில்தான் இருக்கிறது என்பதே என் கருத்து.

ரோமில் தலைமையிடம் கொண்ட, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1950ஆம் ஆண்டிலிருந்து நாடுவாரியாக மீன்பிடிப்புக் கணக்கைத் தொகுத்து வருகிறது. அதன்படி 2022இல் கடலிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பிடிக்கப்பட்ட மீன் முதலிய உயிரினங்கள் ஏறத்தாழ 9 கோடியே 10 லட்சம் டன். ஆனால் அந்த அமைப்பு தானே கடலுக்குச் சென்று எண்ணுவதில்லை. நாடுகள் அனுப்பும் எண்களைச் சரிபார்க்கிறது, அனுப்பாத நாடுகளுக்குத் தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. அனுப்பப்படும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு மியன்மாரே போதும். அங்கே நெடுங்காலம் நிர்ணயிக்கப்பட்ட இலக்குகளை ஒட்டியே பிடிப்பு அளவு அறிவிக்கப்பட்டு வந்தது. 2008இல் நர்கிஸ் புயல் ஐராவதி வடிநிலத்தின் மீனவ ஊர்களைச் சூறையாடிய பிறகும் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பின்னர்தான் அவை பல ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் திருத்தப்பட்டன. சீனாவின் எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று 2001இலேயே மீன்வள அறிஞர்களான ரெக் வாட்சனும் டேனியல் பாலியும் எழுதியிருந்தார்கள். நேர்மாறான பிழையும் உண்டு: சிறுபடகு மீனவர்கள் பிடிப்பதும், வீட்டுக்கென எடுத்துச் செல்வதும், கடலிலேயே வீசி எறியப்படுவதும் பல நாடுகளின் கணக்கில் ஏறுவதேயில்லை. பாலியும் டர்க் செல்லரும் 2016இல் வெளியிட்ட மறுகணக்கீட்டின்படி, 1996இல் அறிவிக்கப்பட்ட கடல் பிடிப்பு சுமார் 8 கோடியே 60 லட்சம் டன்னாக இருக்க, உண்மையான பிடிப்பு 13 கோடி டன்னை நெருங்கியிருந்தது. அவர்களுடைய மதிப்பீட்டு முறையை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆயினும் விடுபட்டது சிறிதல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிடிப்பு அளவு சரியாகவே இருந்தாலும், கடலில் எவ்வளவு மீன் எஞ்சியிருக்கிறது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அருகி வந்த காலத்தில், எஞ்சிய மீன்கள் திரண்டிருந்த இடங்களைத் தேடிச் சென்ற பெரிய கப்பல்களுக்குப் பிடிப்பு குறையாமல் இருந்ததால், இருப்பும் நன்றாகவே உள்ளது என்று நம்பப்பட்டது. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே பிடிப்போடு, அதற்குச் செலவான நேரம், வலை, மீனின் நீளம், வயது, ஆய்வுக் கப்பல்களின் தனிக் கணக்கெடுப்பு ஆகிய எல்லாம் வேண்டும். இவை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கிடைக்கின்றன. தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கக் கடலோரங்களில் பெரும்பாலான மீன்களுக்குக் கிடைப்பதில்லை.

இனி, கேள்வியில் உள்ள விகிதத்துக்கு வருகிறேன். உணவு வேளாண்மை அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் இருப்புகள் 37.7 விழுக்காடு, 2025இல் அதே அமைப்பு வெளியிட்ட மறுஆய்வில் 35.5 விழுக்காடு. இதைக் கண்டு கடல் தேறிவிட்டது என்று மகிழ்வது தவறு. முன்பு சில நூறு இருப்புகளே கணக்கில் இருந்தன. மறுஆய்வு அவற்றை 2,570ஆக விரித்து, சான்றின் தரத்துக்கேற்ப வகைப்படுத்தி, வட்டார அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டது. அளவுகோலே மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் எந்த மதிப்பீடு உறுதியானது, எது ஊகத்தை அண்டியது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. மேலும், இந்த விகிதம் இருப்புகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறதே தவிர, மீனின் எடையை அல்ல. சராசரி மறைப்பதும் மிகுதி: வடகிழக்குப் பசிபிக்கில் 92.7 விழுக்காடு இருப்புகள் நிலைத்திருக்கும் அளவிலும், மத்தியதரைக் கடலிலும் கருங்கடலிலும் 35.1 விழுக்காடு மட்டுமே அந்த அளவிலும் உள்ளன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்தில் நின்று எண்ணும் மனிதரிடமிருந்து என்பேன். இதற்கு நம் மொழி பேசப்படும் கரையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, இப்போது கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடலோரத்தை மண்டலங்களாகப் பிரித்து, தற்போக்காகத் தேர்ந்த நாள்களில் தேர்ந்த தளங்களில் படகுகளின் பிடிப்பை இனவாரியாகப் பதிந்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறது. ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் நாட்டுப்படகுகளும் கரையேறும் கடலோரத்தில் ஒவ்வொரு கூடையையும் நிறுக்க முடியாது. நல்ல மாதிரியெடுப்பு இருந்தால் நிறுக்கத் தேவையுமில்லை. உலகப் பிடிப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறுதொழில் மீனவர்களுடையது என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த 40 விழுக்காட்டை எட்ட இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செயற்கைக்கோள் பற்றியும் பலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பொதுக் கண்காணிப்பில் தென்படுவதேயில்லை என்று 2024இல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் ரேடார் படங்களைக் கொண்டு காட்டினார்கள். 2017இல் இந்தோனேசிய அமைச்சர் சுசி புஜியாஸ்துதி தம் நாட்டுக் கப்பல்களின் நகர்வுத் தரவைப் பொதுவில் வெளியிட வைத்தது துணிவான செயல். ஆனால் கப்பல் எங்கே இருந்தது என்று வானிலிருந்து தெரியும். அதன் கிடங்கில் எந்த மீன் எவ்வளவு இருந்தது என்று தெரியாது.

சிங்கப்பூரின் பங்கு வேறு வகையானது. நாம் பிடிப்பது மிகக் குறைவு, வாங்குவதும் மறுஏற்றுமதி செய்வதும் மிகுதி. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் இறங்கும் பெட்டிகளில் கானாங்கெளுத்தி இருக்கும். தாளில் எடையும் விலையும் 'மலேசியா' என்ற சொல்லும் இருக்கும். மலேசியாவின் மேற்குக் கரை மீன், கடல்களை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கும் உலகக் கணக்கில் 57ஆம் பகுதியான கிழக்கு இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது, கிழக்குக் கரை மீன் 71ஆம் பகுதியான மத்திய மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்தது. அந்த ஒரு சொல் இரண்டு பெருங்கடல்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. சுங்கக் குறியீட்டிலும் பல இனங்கள் 'மற்ற மீன்கள்' என்ற வரிக்குள் போய்விடுகின்றன. அறிவியல் பெயர், பிடித்த கடற்பகுதி, பிடித்த முறை ஆகிய மூன்றையும் இறக்குமதியாளர்கள் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேட்டுப் பார்த்த அளவில், ஒரே துறைமுகத்தில் வாங்கும் விநியோகிப்பாளர்கள் எளிதில் சொல்கிறார்கள். பல இடைத்தரகர்களைக் கடந்து வரும் சரக்குக்குத்தான் விடை கிடைப்பதில்லை. சந்தையில் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் 'இது எந்தக் கடல் மீன்?' என்று கேட்பதும் பயனுடையதே, ஏனெனில் அவர் அதே கேள்வியை எங்களிடம் கேட்கிறார்.

கேள்வி கேட்டவர் தாமே ஆராய விரும்பினால், உணவு வேளாண்மை அமைப்பின் பிடிப்புத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தமக்கு அக்கறையுள்ள நாட்டை எடுத்து, இனம் குறிப்பிடாமல் 'கடல் மீன்கள்' என்று மட்டும் பதியப்பட்ட அளவு அந்நாட்டின் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று முதலில் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த நாட்டின் மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, நான் அறிந்தவரை, அதைவிட விரைவான சோதனை இல்லை.