பக்கத்துக் கட்டடம் நிற்கிறது, இது மட்டும் ஏன் விழுந்தது?

கேள்வி: நிலநடுக்கச் செய்திகளில் ஒரு கட்டடம் தரைமட்டமாகிக் கிடக்கிறது, அதை ஒட்டியே இன்னொன்று பெரிய சேதமில்லாமல் நிற்கிறது. உயரமானவைதான் முதலில் விழுமா?

பதில்: உயரத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று ஒரு வேகத்தில்தான் ஆடும். தோராயமாக, மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், அத்தனை வினாடியில் அது ஒருமுறை போய் வரும். பத்து மாடி என்றால் ஒரு வினாடி. நிலத்துக்கும் அதே மாதிரி ஒரு வேகம் உண்டு. பாறை சின்னதாக, வேகமாக அதிரும், ஆழமான களிமண் மெதுவாகவும் பெரிதாகவும் ஆடும். இரண்டு வேகமும் ஒத்துப்போனால் ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையோரம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் நகரத்தின் நடுப்பகுதி இருப்பது பழைய ஏரிப்படுகையின் மேல், அந்த ஈரக் களிமண் இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஆடியது. அதிகம் அடிபட்டவை ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள். பத்து மாடிக்கு ஒரு வினாடிதானே என்று கேட்பீர்கள். விரிசல் விட்டதும் கட்டடம் இளகி இன்னும் மெதுவாக ஆடத் தொடங்கும், அதாவது அதுவே அந்த இரண்டு வினாடியை நோக்கிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். அதே நகரத்தில் 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் 1957 நிலநடுக்கத்தையும் தாங்கியது, 1985-ஐயும் தாங்கியது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம், வெறும் தூண்கள்தான். பயப்பட வேண்டுமா?

பதில்: நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதி என்றால் அலட்சியமாக விடாதீர்கள். மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அந்தப் பகுதி மொத்தமும் ஒரே கட்டியாக நகரும், வளைவதற்குக் கீழே இருக்கும் தூண்களை விட்டால் வேறு எதுவும் இல்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் கூட இந்த வகைக் குடியிருப்புகள் பல நொறுங்கின.

தூணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள் இல்லையா, அதன் முனையை வெறும் 90 டிகிரிக்கு மடக்கி விட்டிருந்தால், ஆட்டத்தில் கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கான்கிரீட் பிதுங்கி வெளியேறும், நெடுங்கம்பிகள் வளைந்து மடங்கும், அப்புறம் மேலே உள்ள மாடிகள் மொத்தமாக இறங்கிவிடும். முனையை 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்கி, தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகளை நெருக்கமாகக் கட்டினால் தூண் வளைந்தாலும் பாரத்தை விடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் நேரில் போய் இதைப் பாருங்கள், போட்டபிறகு யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே கட்டியதென்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தூண்களைப் பருமனாக்கலாம், சில இடங்களில் அடியிலிருந்து உச்சிவரை கான்கிரீட் சுவர் எழுப்பலாம். நீங்களாகவே இடுப்புயரச் சுவர் வைத்து அடைக்க மட்டும் வேண்டாம். அது தூணின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்வதால் மீதிப் பாதி குட்டையாகி, அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டதுபோல் உடையும்.

கேள்வி: கட்டடம் உடையாமல் அப்படியே சாய்ந்து கிடக்கும் படங்களைப் பார்த்தேன். அது எப்படி?

பதில்: அங்கே தோற்றது நிலம். ஈர மணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் மேலே வந்து கால் புதையுமே, அதேதான். இறுகாத மணல், மேலாகவே நிலத்தடி நீர், இரண்டும் இருக்கும் இடத்தில் அதிர்வு நீடித்தால் நீரின் அழுத்தம் ஏறி மணல் துகள்களின் பிடி விட்டுப்போகும். 1964-இல் ஜப்பானின் நீகாத்தா நகரில் குடியிருப்புக் கட்டடங்கள் உடையாமல் முழுசாகச் சாய்ந்தன. 2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தெருவெல்லாம் சாம்பல்நிறச் சேறு பொங்கியது, மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு வந்து வீடு வீடாக அள்ளினார்கள். பிறகு சில பகுதிகளில் நிலத்தைச் சீர்செய்து பயனில்லை என்று அரசே ஆயிரக்கணக்கான வீடுகளை வாங்கி அகற்றியது. மனை வாங்கும்போது மண் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: இடிபாடுகளில் சிக்கினால் மீட்புக்குழு வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியதுதானா?

பதில்: பெரும்பாலும் முதலில் வருவது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். 1995 கோபே நிலநடுக்கத்தில் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும். அது விடியற்காலை நேரம். பக்கத்தில் இருக்கும் அவாஜி தீவில், எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்ததால் நேராக அங்கேயே தோண்டினார்கள். உங்கள் மாடியில் நடக்க முடியாத பெரியவர் யார், தனியாக இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே விசாரித்து வையுங்கள், கடப்பாரையும் டார்ச்சும் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து.

கேள்வி: ஆடும்போது வெளியே ஓடலாமா?

பதில்: கான்கிரீட் கட்டடத்தின் மாடியில் இருந்தால் ஓடாதீர்கள். வாசலை ஒட்டித்தான் கண்ணாடியும் கைப்பிடிச் சுவரும் விழும். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, அதன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மண் சுவர் வீட்டில், அதுவும் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வெளியேறிவிடுங்கள். ஆட்டம் நின்றதும் லிஃப்டைத் தொடாமல் படி வழியாக இறங்குங்கள். தூணில் விரிசல் தெரிந்தால் சாமான் எடுக்கக்கூட உள்ளே போக வேண்டாம். பின்னதிர்வுகள் மணிக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கூட வந்துகொண்டிருக்கும்.