தெருவில் வெளிச்சம் இருந்தும் இரவில் நடக்கப் பயமாக இருப்பது ஏன்? ஒரு ஊரின் விளக்கமைப்பு நன்றாக இருக்கிறதா என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் சென்னைக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறதாம். அவர் தெருவில் புதிதாக வெள்ளை எல்இடி போட்டிருக்கிறார்கள், பகல் மாதிரி இருக்கிறது, ஆனாலும் பத்து மணிக்கு மேல் நடந்து வரும்போது எதிரே வருபவர் யாரென்றே தெரியவில்லை, இது என் மனப்பிரமையா என்று கேட்டிருக்கிறார்.

பிரமை இல்லை. உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது.

நான் கட்டடங்களுக்கு மின்விளக்கு அமைத்துத் தரும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வேலை கட்டடத்துக்கு உள்ளே என்றாலும் ஆசை முழுக்கத் தெருவில்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து ஊரின் வெளிச்சத்தைப் பார்ப்பது என் பழக்கம், எந்த ஊருக்குப் போனாலும் செய்வேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் உள்ளங்கைச் சோதனை. வெயிலில் நெற்றிமேல் கை வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி இரவில் தெருவில் நின்று, எதிரே தெரியும் விளக்கை மட்டும் உள்ளங்கையால் மறையுங்கள். மறைத்ததும் தெரு இன்னும் தெளிவாகத் தெரிந்தால், சுவரோரம் நிற்கும் ஆள், பள்ளம், படுத்திருக்கும் நாய் எல்லாம் புலப்பட்டால், அந்த விளக்கு உங்களுக்கு உதவவில்லை, இடைஞ்சல் செய்கிறது என்று அர்த்தம். நம் கண் எதிரே இருக்கும் பிரகாசமான பொருளுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும், போதாததற்கு விளக்கிலிருந்து நேராக வரும் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி ஒரு வெள்ளைத் திரை மாதிரி மற்றதையெல்லாம் மூடிவிடும். வயதானவர்களுக்கு, கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு, இந்தத் திரை ரொம்பத் தடிமன்.

என் அம்மாவிடம்தான் இதை முதலில் கண்ணால் பார்த்தேன். அவர் இருக்கும் ஊரில் தெருவுக்குப் புது விளக்கு வந்த மாதத்திலிருந்து சாயங்காலம் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், "லைட்டு போட்டப்புறம்தான்டா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். நான் முதலில் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், மஞ்சளாக எரியும் பழைய சோடியம் விளக்குக்காக மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருந்த இரும்புக் குழாயிலேயே புது எல்இடியை அப்படியே மாட்டியிருந்தார்கள். சோடியம் விளக்கு நாலா பக்கமும் பரவலாக அடிக்கும், அதற்கு அந்தச் சாய்வு பெரிய தொந்தரவில்லை. எல்இடி தட்டையாக, ஒரு திசையில் கூர்மையாக அடிப்பது, அதைத் தரைக்கு இணையாக வைத்தால்தான் வெளிச்சம் தரையில் விழும். சாய்த்து வைத்ததால் அது எதிர் வீட்டு மாடி ஜன்னலிலும் அம்மா கண்ணிலும் விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மூன்று முறை சொன்னேன், "வெளிச்சம் போதுமான அளவு இருக்குதே சார்" என்பதுதான் பதில். கடைசியில் வேறு ஒரு விளக்கை மாற்ற ஏணி வண்டியோடு வந்த ஊழியரிடம் கேட்டேன். அவர் மேலே ஏறி இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, விளக்கைத் தரைக்கு இணையாகத் திருப்பிவைத்துவிட்டு இறங்கினார். பத்து நிமிட வேலை. அம்மா மறுநாள் கோயிலுக்குப் போனார்.

அப்புறம், வெளிச்சம் போதுமா என்ற கேள்வி. இதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐஎஸ் 1944. ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வாகனம் வேகமாக ஓடும் முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ், அதற்கு அடுத்த வகைக்கு 15, உள்சாலைகளுக்கு 8, நடமாட்டம் குறைந்த சிறு தெருவுக்கு 4. நாலா என்று ஆச்சரியப்பட வேண்டாம், முழு நிலவு வெளிச்சமே அரை லக்ஸைக்கூடத் தொடாது, அதில் நம் தாத்தா பாட்டி களத்துமேட்டில் நெல் அளந்திருக்கிறார்கள். அதே தர நிர்ணயத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். மிகக் குறைந்த வெளிச்சம் இருக்கும் இடத்தில், சராசரியில் 0.4 பங்காவது இருக்க வேண்டும், சிறிய தெருக்களில் 0.3 பங்கு. அதாவது எல்லா இடத்திலும் ஓரளவு சமமாக விழ வேண்டும். கம்பத்தடியில் கொட்டி, இரண்டு கம்பத்துக்கு நடுவே கிணறு மாதிரி இருட்டாக விட்டால், சராசரிக் கணக்கு சரியாக வந்துவிடும், நடக்கிறவருக்குத்தான் பயம் வரும். உங்கள் தெருவில் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, போனைத் தரையில் மல்லாக்க வைத்து, உங்கள் நிழல் விழாமல் தள்ளி நின்று, கம்பத்தடியில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் பாருங்கள். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

அதைவிட நல்ல சோதனை முகம். நண்பரை எதிரிலிருந்து நடந்துவரச் சொல்லி, எத்தனை அடி தூரத்தில் முகம் அடையாளம் தெரிகிறது என்று பாருங்கள். நாலைந்து மீட்டர் தூரத்தில், விலகிப் போக அவகாசம் இருக்கும்போதே, தெரிய வேண்டும். உச்சந்தலையில் மட்டும் வெளிச்சம் விழுந்து கண்ணும் வாயும் கறுப்பாக இருந்தால் அந்தத் தெரு காருக்காக வடிவமைத்தது, மனிதருக்காக இல்லை.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணம் மரம். தூங்குமூஞ்சி மரங்கள் கூடாரம் போட்ட சாலைகளில் விளக்கு மரத்துக்கு மேலே எரியும், இலை பளபளக்கும், நடைபாதை இருட்டு. கிளையை வெட்டு என்பார்கள், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். இலைக்குக் கீழே, ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே, நடைபாதைக்கென்று தனியாகக் குட்டைக் கம்பம் போடுவதுதான் வழி. கடைத்தெருவை இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும். தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை திறந்தார்கள், எட்டு மணிக்குப் போனால் கண்ணாடிக் கடைகளின் வெளிச்சத்திலேயே எல்லா முகமும் தெரியும். ஷட்டர் இறங்கிய பிறகு மறுபடி நடந்து பாருங்கள், அப்போது மிச்சம் இருப்பதுதான் ஊர் தன் கையால் போட்ட வெளிச்சம்.

நிறத்தைப் பற்றி. பழைய சோடியத்தை நினைத்து ஏங்குபவர்கள் நிறையப் பேர். எனக்கும் அந்த மஞ்சள் பிடிக்கும், ஆனாலும் அதில் சிவப்புக் காரும் பழுப்புக் காரும் ஒன்றாகத்தான் தெரியும், ஓடியவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று யாரும் சொல்ல முடியாது. எல்இடி அதைச் சரிசெய்தது, மின்சாரமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, இரண்டும் பெரிய லாபம். தவறு எங்கே என்றால், நம் ஊர்களில் பெரும்பாலும் 5700, 6500 கெல்வின் என்று நீலம் தூக்கலான வெள்ளையை வாங்கினோம். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் ஏற ஏற நீலம் கூடும், இறங்கினால் மஞ்சள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இலேயே தெருவிளக்கு 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, நீல ஒளி கண்ணை அதிகம் கூசவைக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதால். அதே எல்இடியிலேயே இளமஞ்சள் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பழைய சிடி இருந்தால் அதைச் சாய்த்துத் தெருவிளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள், வானவில் பிரிந்து தெரியும், வெள்ளை எல்இடியில் நீலப் பட்டை எவ்வளவு தூக்கலாக நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

கட்டடங்களுக்கு விளக்குப் போடுவது தனிக் கலை. செங்கல் சிவப்பில் இருக்கும் சென்ட்ரல் நிலையம் போன்றவற்றுக்கு நீல வெள்ளை அடித்தால் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். பக்கத்திலேயே 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை முழு வெள்ளை, எந்த நிறம் போட்டாலும் அதுவாகவே மாறிவிடும், அதனாலேயே விழா நாட்களில் கலர் மாற்றி விளையாடத் தோன்றுகிறது. ஒரே நிறத்தை நேர் எதிரே நின்று கொட்டினால் தூணும் வளைவும் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் நிழல் விழுந்து வேலைப்பாடு எழும்பும். கோபுரச் சிலைகளை அடியிலிருந்து மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவற்றை ஸ்தபதி மேலிருந்து விழும் வெயிலுக்காகச் செய்தார், கீழிருந்து அடித்தால் புருவ நிழல் தலைகீழாக விழுந்து சாந்தமான முகம்கூடக் கோபமாகத் தெரிகிறது.

கடற்கரையையும் சொல்ல வேண்டும். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தெரிந்த ஒரே வழி, அடிவானத்தில் எது வெளிச்சமோ அது கடல் என்பதுதான். நம் சாலை விளக்கு கடலைவிடப் பளிச்சென்று இருந்தால் அது ரோட்டை நோக்கி ஊர்ந்து போகும். ஒருமுறை அவர்களோடு நடந்தபோது அப்படித் திசைமாறிய குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துத் தண்ணீர் ஓரம் விட்டோம். அன்றிலிருந்து கடற்கரையில் ஹைமாஸ்ட் என்ற உயர்ந்த கம்பத்து விளக்கைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வானத்துக்கு வீணாகும் ஒளியை அளக்க நம்மிடமே அளவுகோல் இருக்கிறது, கார்த்திகை நட்சத்திரம். ஆறு கார்த்திகைப் பெண்கள் என்று சொன்னவர்கள் வெறுங்கண்ணால் ஆறை எண்ணியவர்கள். தை மாதம் இரவு எட்டு மணிவாக்கில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்து நிற்கும். மொட்டைமாடியிலிருந்து எண்ணுங்கள். சென்னையில் என் வீட்டு மாடியில் நல்ல நாளில் ஒரு மங்கலான பஞ்சுத் துணுக்குதான் தெரியும், தாத்தா ஊரில் இன்னும் ஆறும் தெரிகிறது.

சரி, உங்கள் தெருவுக்கு வருகிறேன். இன்று இரவே உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். கூசுகிறது என்று தெரிந்தால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்யுங்கள். வெறுமனே "லைட்டு சரியில்லை" என்று சொன்னால் எரிகிறதே என்று முடித்துவிட வாய்ப்பு இருக்கிறது, அதனால் "விளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கண்ணில் அடிக்கிறது, தரைக்கு இணையாகத் திருப்பிவைக்க வேண்டும்" என்று அப்படியே சொல்லுங்கள். யார் ஏறப் போகிறாரோ அவருக்கு எந்த போல்ட்டைத் தளர்த்த வேண்டும் என்று தெரியும்.