வீட்டில நம்பாத ஆக்களோட விசுவாசத்தைக் கதைக்கிறது எப்பிடி? ரீச்சரிட்டக் கேட்ட கேள்வியள்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில ஒராள் வேதம் (கிறிஸ்தவம்), மற்றவை சைவம், இல்லாட்டி ஒண்டையும் நம்புறேல்ல, அவையோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு கேளுங்கோ எண்டு சொன்னவுடன கேள்வியள் வந்து குவிஞ்சிட்டுது. முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். கொக்குவில்ல சைவக் குடும்பத்தில பிறந்து தேவாரம் பாடி வளந்து 24 வயசில ஞானஸ்நானம் எடுத்தனான். அப்பா 11 வருசம் என்னோட முகம் பாத்துக் கதைக்கேல்ல. பேந்து பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு, ஞாயிறு பாடசாலை நடத்தி இப்ப வீட்டில இருக்கிறன். நான் போதகர் இல்லை, வீட்டுக்குள்ள கனக்கப் பிழை விட்ட ஆள், அவ்வளவுதான்.

கோண்டாவில் மருமகள்: ரீச்சர், நான் இரட்சிக்கப்பட்டு மூண்டு வருசம். இவர் கோயில் ஆள். காலமை எழும்பினவுடன போனில பிரசங்கம் போடுவன், அவற்ற காதிலயும் விழட்டும் எண்டு. இப்ப அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போறார். சபையில சாட்சியை நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லுகினம்.

பிள்ளை, போனைக் குறையுங்கோ. பதில் அவ்வளவுதான், ஆனா காரணமும் சொல்லுறன். பேதுரு முதலாம் நிருபம் மூண்டாம் அதிகாரம் தொடங்கிறதே உங்களை மாதிரி நம்பாத புருசனோட இருக்கிற பெண்களுக்கு எழுதித்தான், அதில அவர் சொல்லுறது நீங்கள் போதிக்காமலே உங்கட நடக்கையைப் பாத்து அவை வருவினம் எண்டு. அதே அதிகாரம் 15ஆம் வசனம் எல்லாருக்கும் பாடம், உங்களிட்ட இருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேக்கிறவைக்குச் சாந்தத்தோடயும் வணக்கத்தோடயும் பதில் சொல்ல ஆயத்தமா இருங்கோ எண்டு. அதில "கேக்கிறவை" எண்ட சொல்லை எங்கட ஆக்கள் விழுங்கிப்போடுவினம். கேக்காத மனுசனுக்கு விடியக்காலமை ஆறு மணிக்குப் பிரசங்கம் போட்டா அது சாட்சி இல்லை பிள்ளை, கரைச்சல்.

நானும் செய்தனான். அப்பான்ர சாய்மனைக் கதிரைக்கு நேர வசனக் கலண்டர் ஒண்டு கொழுவினனான், அவர் ஒண்டும் சொல்லாமல் கதிரையை மற்றப்பக்கம் திருப்பிப் போட்டார். 11 வருசத்தில நானும் அவரும் கதைச்ச பெரிய கதை அதுதான்.

நாளைக்கு இயர்போன் போட்டுக்கொண்டு கேளுங்கோ, அவருக்குப் புட்டை அவிச்சுக் குடுங்கோ. சபையில ஆரும் கேட்டா ரீச்சர் சொன்னவ எண்டு என்ர தலையில போடுங்கோ.

ஸ்கார்பரோவில இருந்து மகன்: அப்பா தெல்லிப்பழை ஆசுபத்திரியில, கான்சர். டொக்டர்மார் சில மாசம்தான் எண்டு சொல்லிட்டினம். நான் கனடா வந்த பிறகுதான் ஆண்டவரை அறிஞ்சனான், அப்பாவுக்குச் சாடைமாடையாத் தெரியும், ஆனா நாங்கள் அதைப் பற்றிக் கதைச்சதில்லை. வைபரில கிழமைக்கு இரண்டு தரம் பத்து நிமிசம் கதைப்பன். அவர் போறதுக்குள்ள சொல்லவேணும் எண்டு இரவில நித்திரை வருதில்லை.

தம்பி, வாசிச்சிட்டு கனநேரம் சும்மா இருந்தனான்.

ஏலுமெண்டா வாங்கோ. ரிக்கற் விலை, வேலை, லீவு எல்லாம் எனக்கும் தெரியும், ஆனாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவன். சுவிசேஷம் சொல்ல எண்டு வராதேங்கோ, அப்பாவைப் பாக்க வாங்கோ, கட்டிலுக்குப் பக்கத்தில ஸ்டூலைப் போட்டு இருந்து சவரம் எடுத்து விடுங்கோ, கால் வீங்கியிருந்தா எண்ணெய் பூசி மெல்லத் தடவி விடுங்கோ. வர ஏலாட்டில், அந்தப் பத்து நிமிசத்தில முதல் ஒன்பது நிமிசம் அவர் கதைக்கட்டும். பழைய கதை கேளுங்கோ, அவற்ற சைக்கிள், தோட்டம், இடம்பெயர்ந்து போன நேரம் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தது. சாகப்போற ஆக்களுக்குத் தங்கட வாழ்க்கையை ஆரும் கேட்டா அதுவே பெரிய ஆறுதல்.

என்ர கதையைச் சொல்லுறன், பாடமா எடுக்கவேண்டாம், நடந்ததைச் சொல்லுறன். அம்மா மோசம் போன (காலமான) பிறகு அப்பாவைப் பாக்க ஆள் இல்லாமல் நான்தான் போய் நிண்டனான். ஒருநாள் இரவு கரண்ட் இல்லை, விசிறியால வீசிக்கொண்டு இருக்கேக்க அவர் கேட்டார், "நான் செத்தா நீ திவசம் செய்யமாட்டாய் என்ன, அப்ப என்னை ஆர் நினைப்பினம்?" அதுதான் முதல் கேள்வி. அத்தனை வருசமா நான் ஆயத்தப்படுத்தி வச்சிருந்த ஒரு வசனமும் அதுக்குப் பொருந்தேல்ல. அப்ப எனக்கு லூக்காவில வாற அந்தக் கள்ளன்தான் ஞாபகம் வந்தான், இயேசுவுக்குப் பக்கத்தில சிலுவையில தொங்கினவன். அவனும் கேட்டது இதைத்தான் அப்பா, "என்னை நினைத்தருளும்" எண்டு. ஞானஸ்நானமும் எடுக்கேல்ல, ஒரு நல்லதும் செய்ய நேரமும் இல்லை, இண்டைக்கே என்னோட இருப்பாய் எண்டு அவர் சொல்லிப்போட்டார் எண்டு சொன்னனான். அப்பா ஒண்டும் சொல்லேல்ல. ஆனா பேந்து இரண்டு தரம் "அந்தக் கள்ளன்ர கதையைச் சொல்லு" எண்டு கேட்டவர். கடைசி வரைக்கும் திருநீறோடதான் இருந்தவர், அப்பிடித்தான் போனவர். என்ன நடந்தது எண்டு ஆண்டவருக்குத் தெரியும், சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாமல் விடுவாரோ எண்டு ஆபிரகாம் கேட்டதைப் பிடிச்சுக்கொண்டு நான் இருக்கிறன்.

உங்கட அப்பா கேக்காமலே போயிடுவாரோ எண்ட பயம் விளங்குது. கடைசியா ஒண்டு செய்யலாம், அனுமதி கேளுங்கோ. "அப்பா, நான் உங்களுக்காகச் செபிக்கிறனான், ஒருக்கா உங்களுக்குக் கேக்கிற மாதிரி செபிக்கட்டோ?" வேண்டாம் எண்டா வேண்டாம்தான், அதோட விடுங்கோ. ஓம் எண்டா சின்னதா, நோவு குறையவேணும் எண்டு, நல்ல அப்பாவைத் தந்ததுக்கு நன்றி எண்டு. செபத்துக்குள்ள பிரசங்கத்தைச் சொருகாதேங்கோ, நோயாளிக்கு அது உடன பிடிபடும்.

சுன்னாகம்: அன்ரி, எங்கட அம்மா ஒத்துக்கொள்ளுறா இல்லை. அவவின்ர தலகணிக்குள்ள வசனத் துண்டு வச்சு, வாசல்ல செப எண்ணெய் தெரியாமல் பூசலாமோ?

வேண்டாம். அம்மா உங்கட தலகணிக்குள்ள தாயத்து வச்சா என்ன சொல்லுவியள்?

இணுவில்: பக்கத்து வீட்டு மாமி பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் கொண்டு வாறவ. சபையில படைச்சது சாப்பிடக் கூடாது எண்டு சொல்லுகினம், வாங்காட்டில் மாமி கோவிப்பா.

பவுலுக்கும் கொரிந்தில இதே பிரச்சினைதான், முதலாம் கொரிந்தியர் எட்டாம் பத்தாம் அதிகாரத்தை ஆறுதலா வாசியுங்கோ. சந்தையில வாங்கிறதைத் துருவிக் கேக்காமல் சாப்பிடு எண்டும் சொல்லுறார், இது படைச்சது எண்டு ஒராள் சொன்னா அவற்ற மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதை எண்டும் சொல்லுறார். சில விசுவாசியள் சாப்பிடுவினம், சிலர் மாட்டினம், இரண்டு பக்கமும் நல்ல ஆக்கள் இருக்கினம். நான் மாமியிட்ட நேரடியாச் சொல்லுவன், "படைக்க முதல் எனக்கு ரெண்டு எடுத்து வையுங்கோ மாமி" எண்டு. சிரிச்சுக்கொண்டு எடுத்து வைப்பா. வாங்கிப்போட்டுக் குப்பையில கொட்டுறது மட்டும் வேண்டாம், மதிலுக்கு மேலால எல்லாம் தெரியும்.

நீர்வேலி மூத்தவன்: அப்பாவுக்கு 84. நான்தான் மூத்த ஆம்பிளைப் பிள்ளை, கொள்ளி நான்தான் வைக்கவேணும், பேந்து காடாத்து, அந்திரட்டி எண்டு செத்த பிறகு செய்யிற கிரியையள். நான் இப்ப விசுவாசி. செய்யமாட்டன் எண்டா அப்பாவைத் தெருவில விட்ட மாதிரி ஊர் கதைக்கும்.

இதுக்குச் செத்தவீட்டில நிண்டு பதில் தேடக்கூடாது அண்ணை, இப்பவே கதையுங்கோ. பெண்டுகள் ஒப்பாரி சொல்லேக்க, ஐயர் தர்ப்பையோட நிக்கேக்க "நான் வேதம்" எண்டு சொன்னா அது அப்பாவை அவமானப்படுத்திறது. தம்பி இருந்தா அவரைக் கூப்பிட்டு, கிரியையை நீ செய், செலவு முழுக்க என்ர, பந்தலில இருந்து சாப்பாடு வரைக்கும் நான் ஓடித்திரியிறன், பாடையில ஒரு பக்கம் நான் தூக்குவன் எண்டு சொல்லுங்கோ. அப்பாவிட்டயும் நீங்களே சொல்லவேணும், வேற வாயால போகக்கூடாது. தம்பி இல்லை, வேற ஆளும் இல்லை எண்டா உங்கட போதகரோட இருந்து கதையுங்கோ. ஆனா இரண்டாம் ராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தையும் வாசிச்சிட்டுப் போங்கோ. குஷ்டரோகத்தோட வந்த சீரியாப் படைத்தலைவன் நாகமான் குணமாகிப் போகேக்க, என்ர ராசா ரிம்மோன் கோயிலில கும்பிடேக்க என்ர கையில சாயுறவர், நானும் குனியவேண்டி வரும், கர்த்தர் மன்னிப்பாரோ எண்டு கேட்டதுக்கு எலிசா தீர்க்கதரிசி சட்டம் ஒண்டும் படிக்கேல்ல, சமாதானத்தோட போ எண்டார். கொள்ளி வைக்கலாம் எண்டதுக்கு இது அத்தாட்சி எண்டு நான் சொல்லேல்ல, ஆனா இக்கட்டில நிக்கிற மனுசனோட எப்பிடிக் கதைக்கவேணும் எண்டு அதில இருக்கு.

ஆனைக்கோட்டை தம்பி: சித்தப்பா எப்ப பாத்தாலும் "நீங்கள் உத்தியோகத்துக்கும் அரிசிக்கும் மாறின ஆக்கள்" எண்டு நக்கல். என்ன பதில் குடுக்கிறது?

அவர் சொல்லுறதில பாதி உண்மை எண்டு முதல்ல ஒத்துக்கொள்ளுங்கோ. 1619இல போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடிச்சாங்கள், கோயிலுகளை இடிச்சாங்கள். 1658இல ஒல்லாந்தர் வந்தாங்கள், அவங்கட காலத்தில உத்தியோகம் வேணுமெண்டா ஞானஸ்நானம் வேணும், அதால சனம் புத்தகத்தில பேரைப் பதிஞ்சுபோட்டு வீட்டுக்குள்ள திருநீறு பூசினது. ஒல்லாந்தர் போனவுடன அந்தக் கூட்டமும் பெரும்பாலும் கரைஞ்சு போச்சு. 1816இல அமெரிக்க மிஷன் வந்து, 1823இல வட்டுக்கோட்டையில செமினறி எண்ட உயர்கல்லூரியைத் தொடங்கினவை, அங்க படிச்ச கனபேருக்கு இங்கிலிசும் உத்தியோகமும்தான் குறி, அதுவும் ஒரு காரணமா 1855இல மிஷனே அதை மூடினது. சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவ வீட்டில பிறந்து அங்க படிச்சு பேந்து சைவத்துக்குத் திரும்பினவர், ஏட்டில கிடந்த தமிழ் நூல்களை அச்சில ஏத்தினவர். ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிளைத் தமிழாக்க உதவிப்போட்டு, அதே பைபிளை வடிவா வாசிச்ச அறிவோட எங்கட ஆக்களை எதிர்த்து எழுதினவர். எனக்கு நாவலரில கோவம் இல்லை, மரியாதைதான், எதிர்க்க முதல் வாசிச்ச மனுசன்.

மற்றப் பாதியும் இருக்கு. 1544இல மன்னாரில ஞானஸ்நானம் எடுத்ததுக்காக யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன்ர ஆக்கள் வெட்டின சனம் அரிசிக்காக நிண்ட சனம் இல்லை. மானிப்பாயில அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், மருத்துவப் புத்தகங்களைத் தமிழில கொண்டுவந்தவர். ஆனா தம்பி, இதைச் சித்தப்பாவை மடக்க எடுக்காதேங்கோ. அவருக்கு நீங்கள் குடுக்கக்கூடிய ஒரே பதில், உங்களுக்கு இதால ஒரு சதமும் வரேல்ல எண்டு அவர் கண்ணால காணுறதுதான். அதோட இந்தப் பழைய கதையாலதான் நான் சொல்லுறனான், கஷ்டப்பட்ட சொந்தத்துக்குச் சாமான் குடுத்தா அந்தக் கிழமை சபைக்குக் கூப்பிடாதேங்கோ. குடுத்ததோட வாயை மூடுங்கோ.

சுண்டுக்குளி அம்மா: மகன் கம்பஸ் போன பிறகு கடவுளே இல்லை எண்டு சொல்லுறான். ஞாயிறு ஆராதனைக்கு வாறேல்ல. போன கிழமை கேட்டான், நவாலித் தேவாலயத்தில தஞ்சம் எண்டு ஓடின சனத்துக்கு மேல குண்டு விழேக்க உங்கட ஆண்டவர் எங்க நிண்டவர் எண்டு. நான் வாய் அடைச்சுப் போனன்.

வாய் அடைச்சது நல்லது அம்மா. 1995 யூலை 9, அந்த நாளுக்கு அவசரப் பதில் சொல்லுற ஆளை நான் நம்பமாட்டன். நூறு பேருக்கு மேல செத்தவை. சிலர் "எல்லாம் தேவ சித்தம்" எண்டு ஒரு வரியில முடிப்பினம், பிள்ளை அந்த வரியைக் கேட்டுத்தான் வெளிய போறான். 88ஆம் சங்கீதத்தை அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, அது விடியாமலே இருட்டிலயே முடியுது, எங்கட பைபிளுக்குள்ள அப்பிடி ஒரு செபம் இருக்கு எண்டு கன பேருக்குத் தெரியாது. நாங்கள் கும்பிடுறவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" எண்டு கத்தினவர்தான் எண்டு சொல்லுங்கோ, அதுக்கு மேல சொல்லவேண்டாம். அவன் கேக்கிறான் எண்டா இன்னும் போகேல்ல அம்மா. ஆதிச் சபைப் பெரியவர் ஒகஸ்தீனார்ர தாய் மொனிக்கா கன வருசம் அழுதவ, மகன் 387இல மிலானில ஞானஸ்நானம் எடுத்தவர், அவ அந்த வருசமே மோசம் போனவ. அழுகையைச் செபத்தில காட்டுங்கோ, சாப்பாட்டு மேசையில காட்டாதேங்கோ.

திருநெல்வேலி, சைவம்: நான் கிறிஸ்தவன் இல்லை, கேக்கலாமோ? தங்கச்சி மாறிப்போட்டாள். அது பரவாயில்லை, ஆனா அம்மான்ர சாமிப்படங்களைச் சாத்தான் எண்டு சொல்லுறாள். அம்மா அழுகிறா.

கட்டாயம் கேக்கலாம். முதல்ல அம்மாவிட்ட எங்கட பக்கத்தில இருந்து மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். தங்கச்சிக்கு அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் 37ஆம் வசனத்தைக் காட்டுங்கோ, எபேசுவில கலகம் வரேக்க அந்த ஊர் அதிகாரியே எழும்பி, இவை உங்கட தேவியைத் தூஷிக்கேல்ல எண்டு பவுலின்ர ஆக்களுக்காகச் சொல்லுறார். வேற்று மதத்து மனுசன் அப்பிடிச் சாட்சி சொல்லுற அளவுக்கு அவை நடந்தவை. தங்கச்சியை வீட்டை விட்டுத் துரத்தாதேங்கோ, புதுசா வந்த சூடு, எனக்கும் இருந்தது, கலண்டர் கதை மேல இருக்கு.

கடைசிக் கேள்வி, உரும்பிராய்: ரீச்சர், அம்மா தானாவே இந்த முறை கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நானும் வாறன் எண்டு சொல்லிப்போட்டா! என்ன செய்யவேணும்?

ஒண்டும் பெரிசாச் செய்யாதேங்கோ. பின் வரிசை வாங்கில, விசிறிக்குக் கிட்ட இருத்துங்கோ. எப்ப எழும்புறது எப்ப இருக்கிறது எண்டு காதுக்குள்ள சொல்லுங்கோ, திருவிருந்து நேரம் நீங்களும் அவவோட வாங்கிலயே இருங்கோ, தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ. புதுசா வந்தவை எழும்புங்கோ எண்டு சொல்லுற வழக்கம் உங்கட சபையில இருந்தா முதல் நாளே போதகருக்குச் சொல்லி நிப்பாட்டுங்கோ. பொட்டோடயும் பூவோடயும் வருவா, ஆரும் ஒரு பார்வை பாத்தா நீங்கள் அவையை ஒரு பார்வை பாருங்கோ. முடிஞ்சவுடன கேக்கும் தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்து, வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ, வழியில பிடிச்சதோ எண்டு கேக்காதேங்கோ.

நேரம் பத்தரை ஆச்சு, மிச்சக் கேள்வியளுக்கு அடுத்த கிழமை வாறன்.