ஸ்ட்ரிங் தியரியா, மெட்டீரியல் சயின்ஸா: பாளையங்கோட்டை எம்.எஸ்சி. மாணவருக்கு

ஆராய்ச்சிக்கு ஸ்ட்ரிங் தியரியை (அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் கோட்பாடு) எடுப்பதா, மெட்டீரியல் சயின்ஸை (பொருட்களின் அமைப்பையும் பண்புகளையும் ஆராயும் துறை) எடுப்பதா என்று கேட்டிருக்கீங்க. ரெண்டில் எதற்கு எதிர்காலம் என்று பார்த்து முடிவெடுக்காதீங்க தம்பி. எதன் அன்றாட வேலை உங்களுக்கு அலுக்காது என்று பாருங்க.

குழப்பத்துக்குக் காரணம் அநேகமாக இதுதான்: ஒன்றை யூடியூபில் பார்த்திருக்கீங்க, இன்னொன்றை சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கீங்க. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்சைவ் (arXiv) தளத்தில் ரெண்டு துறையிலும் புதுக் கட்டுரைகள் சிலவற்றை எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் கணக்கையும் வரைபடத்தையும் மட்டும் படியுங்க. ஏதாவது ஒரு படத்தை நீங்களே பைத்தானில் போட்டுப் பார்க்கணும் என்று கை துறுதுறுத்தால், அது நல்ல அறிகுறி.

நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கு. நம்ம ஊர் காந்த நடுக்கோட்டுக்கு (புவியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை ஒட்டி, பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதையும் ஆராய இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கு (சிற்பம் பார்க்க அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு இது தெரியாது). திருநெல்வேலியில் பதிவான காந்தப்புலத்தின் கிடைக்கூறு (தரைக்கு இணையான பகுதி) இரவு அளவிலிருந்து எவ்வளவு ஏறியது என்று எடுத்து, அதிலிருந்து, இந்த மின்னோட்டம் எட்டாத தொலைவில் மகாராஷ்டிரத்தில் இருக்கும் அலிபாக் ஆய்வகத்தில் பதிவான ஏற்றத்தைக் கழித்தால் அந்த மின்னோட்டத்தின் வலு கிடைக்கும். அமைதியான ஒரு நாளின் தரவு கிடைத்தால் போட்டுப் பாருங்க, மதியத்தை ஒட்டி ஒரு மேடு தெரியும்.

ஒன்று, ஊருக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீங்க. எந்தத் துறையானாலும் ஆராய்ச்சிப் படிப்பில் சேர நெட், ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வு ஏதாவது எழுதணும், வழிகாட்டியிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்தப் பழைய மாணவர்களிடமே விசாரிக்கணும்.