வீரன் ஏன் ஓடுகிறான்? – பிரெடரிக்கின் போர்க்குறிப்புகள் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக் தன் தளபதிகளுக்காக எழுதிய போர் அறிவுரைகளைப் படித்துவருகிறேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேருடன் நட்பு கொண்டவர், தத்துவம் பேசியவர். ஆனால் சாதாரண வீரன் எந்த ஆபத்தையும்விடத் தன் அதிகாரிக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்கிறார். மனிதர்களை இவ்வளவு கீழாக மதித்தவரிடம் தலைமை பற்றிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

அந்த ஒரு வரியை வைத்து அவரை எடைபோட வேண்டாம். 1748ல் அவர் பிரெஞ்சில் எழுதி முடித்த அறிவுரைகளின் தொடக்கத்துக்கு மறுபடி போங்கள். படையணி, முற்றுகை எல்லாம் பிறகுதான் வருகின்றன. தன் படையிலிருந்து ஆட்கள் தப்பி ஓடாமல் தடுப்பது எப்படி என்பதுதான் அவருடைய முதல் கவலை.

காட்டுக்குப் பக்கத்தில் முகாம் போடக்கூடாது. பகலில் பலமுறை பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். முகாமைச் சுற்றி ஹுஸார் எனும் இலகு குதிரைவீரர்கள் ரோந்து போக வேண்டும். தண்ணீருக்கும் வைக்கோலுக்கும் வீரர்கள் அதிகாரியின் பின்னால் வரிசையாகத்தான் போகலாம். அவசியமில்லாமல் இரவில் படையை நடத்திச் செல்லக்கூடாது. பின்வாங்க நேர்ந்தால் அது வீரனுக்குத் தெரியக்கூடாது, அவன் மனம் குளிரும்படி வேறு காரணம் சொல்ல வேண்டும்.

இதுவரை சிறைக்காவலர் கையேடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் ரொட்டி, இறைச்சி, பிராந்தி, வைக்கோல் தவறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். ஒரு ரெஜிமென்டில் ஓட்டம் தொடங்கினால் காரணத்தை விசாரிக்கச் சொல்கிறார்: சேரவேண்டிய பணம் அவன் கைக்குப் போனதா? கேப்டனின் நடத்தையில் கோளாறா? அந்த நூலிலேயே நான் மிக உயர்வாக மதிக்கும் இடம் இதுதான். ஓடியவனைக் குற்றவாளி என்று மட்டும் பார்க்காமல், அவனுக்கு மேலே இருப்பவனின் கணக்குவழக்கையும் திறந்து பார்க்கும் தலைவர்கள் அன்றும் குறைவு.

இவ்வளவு சந்தேகம் எதற்கு? படை சேர்ந்த விதம் அப்படி. அவருடைய கணக்குப்படியே ஏறக்குறையப் பாதிப்பேர் காசுக்குச் சேர்ந்த வெளிநாட்டார். மறுபாதி, அவர் தந்தை 1733ல் நிலைப்படுத்திய கான்டன் முறையில், அதாவது ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஒரு வட்டாரத்தை ஒதுக்கி ஆள் எடுக்கும் முறையில், உள்ளூரிலிருந்து வந்தவர்கள். அமைதிக்காலத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஊரில் உழவு செய்பவர்கள். இரு சாராரையும் ஒரே கயிற்றில் கட்டினார். அதன் விலையைப் போர்க்களத்தில் கொடுத்தார். ஆட்களை நம்பிப் பிரித்து அனுப்ப முடியாததால் காட்டுக்குள் சிதறி நின்று சண்டையிட முடியாது. ஊர் ஊராகத் தானியம் தேட விடமுடியாததால் கிடங்கும் மாவுவண்டியும் ரொட்டி அடுப்பும் கூடவே வரவேண்டும். கிடங்கிலிருந்து சில நாள் நடைக்கு மேல் படை விலகினால் ரொட்டி நிற்கும், ரொட்டி நின்றால் ஓட்டம் தொடங்கும்.

பயத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, ஏழாண்டுப் போரின் தொடக்கத்தில் அவர் படையெடுத்த அண்டை நாடான சாக்சனியின் பிர்னா சான்று. 1756 அக்டோபரில் அங்கே சரணடைந்த சுமார் 18,000 சாக்சனி வீரர்களைப் பிரஷ்யச் சீருடை போட்டுத் தன் படையில் சேர்த்தார். காலாட்படை ரெஜிமென்டுகளையும் கலைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அவற்றில் பல கூட்டம் கூட்டமாக ஓடிவிட்டன. தன் விதிகளில் ஒன்றைக்கூட மறக்காதவர்தான், ஆனாலும் அவை உதவவில்லை.

அவருடைய உண்மையான பிழை மனிதர்களைத் தாழ்வாக எண்ணியதைவிட, மனித இயல்பையே இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது என்பேன். ஆஸ்திரியர்களோடு நடந்த லாய்த்தன் போருக்கு இரண்டு நாள் முன்பு, 1757 டிசம்பர் 3 அன்று, பார்ஷ்விட்ஸில் தளபதிகளிடம் பேசினார். விலக விரும்புபவர் இப்போதே விலகலாம், ஒரு பழிச்சொல்லும் வராது என்றார். அதே பேச்சில், கட்டளையிட்டதும் பாயாத குதிரைப்படை ரெஜிமென்டைக் குதிரையிலிருந்து இறக்கிக் கோட்டைக்காவலுக்கு அனுப்புவேன் என்றும் சொன்னார். விலகும் வாய்ப்பு பிரபு குலத்து அதிகாரிகளுக்கு மட்டுமே. மானம் அவர்களிடம் இருக்கும், சிப்பாயிடம் பயம் மட்டுமே இருக்கும் என்பது அவர் கணிப்பு.

இருந்தாலும் அவரைப் படிக்கச் சொல்வேன், தன் கருத்தைத் திருத்திக்கொண்டவர் என்பதால். காலாட்படை சுடாமல், துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி நெருங்கினாலே எதிரி கலைவான் என்று முதலில் நம்பினார். 1757 மே 6 அன்று பிராகில் ஆஸ்திரியர்களுக்கு எதிராக அப்படி நடந்த வரிசைகளைப் பீரங்கி கிழித்தது. கையில் கொடியோடு முன்னே போன அவருடைய 72 வயது தளபதி ஷ்வெரின் அங்கேயே விழுந்தார். வெற்றி கிடைத்தும் இழப்பு பயங்கரம். அடுத்த மாதம் கொலீனில் தோல்வி. 1758ன் இறுதியில் எழுதிய குறிப்பில், எதிரிக்குச் சமமான சுடுதிறனாவது இல்லாமல் தாக்குவது ஆயுதம் ஏந்தியவர்களைத் தடியால் எதிர்ப்பதற்கு ஒப்பு என்கிறார். ஆஸ்திரியர்கள் குன்றுகளில் பீரங்கி நிறுத்தும் முறையைப் பாராட்டவும் செய்கிறார்.

ஆனால் எல்லாப் பாடமும் கற்றுவிடவில்லை. 1759 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளுக்கு எதிராகக் குனர்ஸ்டார்ஃபில் பிற்பகல் வரை வென்றுகொண்டிருந்தார். வெயிலிலும் தூக்கமின்மையிலும் துவண்ட படையை, தளபதிகள் போதும் என்ற பிறகும் மேலும் தள்ளினார். சுமார் 50,000 பேரில் ஏறத்தாழ 19,000 பேரை இழந்தார். வீரனின் பயத்தை அளக்கத் தெரிந்தவர் அவனுடைய களைப்பை அளக்கவில்லை.

1748 அறிவுரைகளோடு நிறுத்தாமல் 1758 குறிப்பையும் எடுங்கள். பிராக், கொலீன் இரண்டின் வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். எந்த வாக்கியத்தை எந்தச் சரிவில் விழுந்தவர்கள் மாற்றினார்கள் என்பது அப்போது தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்