பழைய ஸ்னைப்பர் பம்ப் மார்க்கர்: ரப்பரை மாற்றுங்கள், சிலிண்டரை நம்பாதீர்கள்

கேள்வி: மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது டபிள்யூஜிபி நிறுவனத்தின் ஸ்னைப்பர் 2 பம்ப் மார்க்கர் ஒன்று கிடைத்தது, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துச் சுடும் பெயின்ட்பால் (வண்ணக் குண்டு) துப்பாக்கி. கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பழைய மாஸ்க், ஒரு பை. படம் அனுப்பியிருக்கிறேன். மகனுக்கு 15 வயது. அவன் நண்பர்கள் எல்லாரும் பேட்டரி போட்ட மார்க்கரில் விளையாடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு அவர்களோடு இறங்க முடியுமா? ஒருவர் மொத்தமாகப் புதுப்பித்து, புது வண்ணம் ஏற்றித் தர 350 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இறங்கலாம், தாராளமாக. 350 டாலர் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சிலிண்டர். மார்க்கரைத் தொடுவதற்கு முன்னால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மகன் கைக்கு எட்டாத இடத்தில். பழைய மார்க்கர் வாங்குகிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், சிலிண்டரை ஓசியில் வந்த பொருளாக நினைக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதில் ஆளைக் கொல்லக்கூடியது அது ஒன்றுதான். சிலிண்டரின் வாயில் ஒரு பித்தளை வால்வு திருகப்பட்டிருக்கும், அந்த வால்வு மார்க்கரில் திருகப்படும். ஆக இரண்டு மரைகள். முன்பு யாராவது அந்த வால்வைக் கழற்றி, பழுது பார்த்து, சரியாக ஒட்டாமல் மறுபடி மாட்டியிருந்தால், நீங்கள் மார்க்கரிலிருந்து சிலிண்டரைக் கழற்றுவதாக நினைத்துத் திருகும்போது வால்வு மார்க்கரிலேயே நின்றுவிடும், சிலிண்டர் வால்வை விட்டுக் கழன்று ராக்கெட் மாதிரி பாயும். அமெரிக்காவில் இப்படி உயிரே போயிருக்கிறது, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கையும் விட்டது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். நகப்பூச்சு எடுத்து, வால்வின் மேலிருந்து சிலிண்டரின் கழுத்து வரை நேராக ஒரு கோடு போடுங்கள். கழற்றும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தால் உடனே நிறுத்துங்கள். திருப்பி இறுக்கப் பார்க்காதீர்கள், அப்படியே வைத்துவிட்டு, விஷயம் தெரிந்த பெயின்ட்பால் கடைக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது தேதி. சிலிண்டரின் தோளில் டிஓடி-3ஏஎல்1800 என்பது போல (டிஓடி என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) ஒரு முத்திரை இருக்கும், பக்கத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். 5 ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை (தண்ணீரை அழுத்தி நிரப்பி, சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யாமல் அதை நிரப்பக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கைத்தான் விற்கிறவர்கள் தப்பாகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளி விட்டம் 2 அங்குலத்துக்கு மிகாமலும், நீளம் 2 அடிக்குக் குறைவாகவும் இருக்கும் சிறிய சிலிண்டர்களுக்கு அந்த நீரழுத்தச் சோதனை தேவையில்லை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும். பெயின்ட்பால் சிலிண்டர் எதுவும் 2 அடி நீளம் வராது, அதனால் நீளத்தைக் காட்டி "சின்னதுதானே, விலக்கு உண்டு" என்று சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது விட்டத்தை. மேலே போட்டிருக்கும் துணி உறையைக் கழற்றிவிட்டு, ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 16 சென்டிமீட்டரைத் தாண்டினால் விலக்கு கிடையாது. 12 அவுன்ஸ், 20 அவுன்ஸ் வாயு பிடிப்பவை எல்லாம் கண்டிப்பாகத் தாண்டும். படத்தில் உங்களுடையது 20 அவுன்ஸ் போலத்தான் தெரிகிறது. விலக்கு இருக்கும் சிறிய சிலிண்டருக்கும் அந்தச் சோதனை மட்டும்தான் வேண்டாம், பள்ளம், அரிப்பு, தீயில் பட்ட தடம் இருந்தால் அதுவும் குப்பைதான். இழை சுற்றிய காற்று டேங்குகளை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள், அவற்றுக்கு வேறு விதி, வேறு ஆயுள்.

சரி, சோதனைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு முறை நான் ஒரு சிலிண்டரைக் கொண்டுபோன இடத்தில், இது தீயணைப்புக் கருவி இல்லை, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் புது சிலிண்டரின் விலையைவிட அதிகமாகக் கேட்டார்கள். நிரப்பும் மைதானங்களிலோ, முத்திரையைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒரு வாரம் இருப்பார், அடுத்த வாரம் இருக்க மாட்டார். தேதி முடிந்ததை ஒருவர் நிரப்பித் தருவார், தேதி இருப்பதை இன்னொருவர் மறுப்பார். பாதுகாப்பு விதியை இப்படி ஆளுக்கு ஒரு விதமாக நடத்தினால் வாசகர் யாரை நம்புவது? அதனால் என் முடிவு எளிது: விஷயம் தெரிந்த கடைக்குப் போய், பழைய சிலிண்டரில் வாயு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கேயே அப்புறப்படுத்தக் கொடுத்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் உயர் அழுத்தக் காற்று நிரப்பும் காற்று டேங்க் ஒன்று புதிதாக வாங்குங்கள்.

அதை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். அறை வெப்பத்தில், அதாவது 21 டிகிரியில், கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் கொடுக்கும். ஸ்னைப்பரின் ஸ்பிரிங்குகளும் வால்வும் அந்த அழுத்தத்துக்காகத்தான் அமைக்கப்பட்டவை. படத்தில் உங்கள் மார்க்கரில் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் தனி ரெகுலேட்டர் தெரியவில்லை. ஆகவே 800 முதல் 850 வரை வெளியே விடும் சாதாரண டேங்க்தான் வேண்டும். கடைக்காரர் இப்போதைய மின்னணு மார்க்கருக்கு ஏற்றது என்று 450 பிஎஸ்ஐ வெளியிடும் டேங்கைக் கொடுத்துவிட்டால், குண்டு தொங்கித் தொங்கி விழும். நீங்களும் மார்க்கர் கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த 350 டாலர் ஆளிடம் ஓடுவீர்கள். பம்ப் விளையாடுகிறவர்கள் பலர் 13 கன அங்குலம் கொள்ளும், உள்ளே 3000 பிஎஸ்ஐ வரை நிரப்பக்கூடிய குட்டி டேங்கை வைத்திருக்கிறார்கள். கைக்கு அடக்கமாக இருக்கும், பையனுக்கு அது போதும்.

காற்றுக்கு மாறச் சொல்வதற்கு மிச்சிகன் குளிரும் ஒரு காரணம். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். உறைநிலைக்குப் பக்கத்தில் 500 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும், ஜூலை வெயிலில் 1000-ஐத் தாண்டிவிடும். காலையில் வேகத்தை அளந்து சரி செய்துவிட்டு மதியம் சுட்டால் குண்டு வரம்புக்கு மேலே போகும். காற்று டேங்கில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, ஒரு சொட்டு கூட. உயர் அழுத்தக் காற்று சட்டென்று நுழையும்போது எண்ணெய் தீப்பிடிக்கும்.

இப்போது மார்க்கருக்கு வருவோம். ஸ்னைப்பர் ஷெரிடன் என்ற பழைய பம்ப் மார்க்கரின் வழி வந்த அமைப்பு: மேலே ஒரு குழாயில் குண்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட், கீழே ஒரு குழாயில் வாயுவைத் திறந்துவிடும் வால்வும் அதை அடிக்கும் ஹேமரும். இதைச் செய்த பட் ஓர் பிறகு இதிலிருந்துதான் ஆட்டோகாக்கர் என்ற, கையால் இழுக்கத் தேவையில்லாத மார்க்கரை உருவாக்கினார். உங்களுக்கு இதில்தான் அதிர்ஷ்டம். ஆட்டோகாக்கருக்கென்று செய்த கப் சீல் (வால்வை அடைக்கும் மூடி), ஸ்பிரிங், ஹேமர் போன்றவை பெரும்பாலும் இதிலும் உட்காரும், அவை இன்றும் கிடைக்கின்றன. ஆகவே "இதற்கு உதிரி பாகமே இல்லை, நான் கடைசல் பிடித்துத்தான் செய்ய வேண்டும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனை வருடத்தில் கெட்டுப்போயிருப்பது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். உலோகம் அப்படியே இருக்கும். எல்லா ஓ-ரிங்கையும் மாற்றுங்கள், கப் சீலையும் மாற்றுங்கள். டேங்க் வாயில் உட்காரும் ஓ-ரிங் 015 அளவு, யூரித்தேனில் கேட்டு வாங்குங்கள், சாதாரணக் கறுப்பு ரப்பர் சீக்கிரம் பிய்ந்துவிடும். அப்புறம் டேங்கை மாட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். (மாஸ்க் போட்டுக்கொண்டு, குண்டு போடாமல்.) பேரல் வழியாகச் சீறினால் கப் சீலோ அது உட்காரும் விளிம்போ சரியில்லை. டேங்க் மாட்டும் இடத்தில் சீறினால் அந்த 015. பெரும்பாலான பழைய மார்க்கர்களின் வியாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். மாலிகோட் 33 போன்ற கிரீஸை ஓ-ரிங்குகளில் மெல்லிசாகத் தடவினால் போதும்.

வண்ணம் ஏற்றுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். அனோடைசிங் என்ற பழைய வண்ணப் படலத்தைக் காரத்தில் போட்டு உரிக்கும்போது அலுமினியமும் கொஞ்சம் கரைந்து போகிறது. என்னிடம் இருந்த ஒரு பம்ப் மார்க்கரை இப்படி ஒருவரிடம் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, போல்ட் மட்டும் குழாய்க்குள் ஆட ஆரம்பித்தது. அதற்கு முன்பு ஒரே வேகத்தில் சுட்டுக்கொண்டிருந்த மார்க்கர் அதற்கப்புறம் ஒரு நாளும் அப்படிச் சுடவில்லை. பழையதை வாங்கி, உரித்து, வண்ணமேற்றி, "புதுப்பித்தது" என்று விற்கிறவர்களில் பலர் உள்ளே ஒரு ஓ-ரிங்கைக்கூட மாற்றுவதில்லை. கீறலோடு இருக்கட்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் பேரல். அந்தக் காலத்துக் குண்டுகள் பெரியவை, பேரலின் துளையும் அதற்கேற்றபடி 0.690 அங்குலம், அதற்கு மேலும் இருக்கும். இப்போது 0.68 என்று விற்பவை பெரும்பாலும் 0.680-க்கும் 0.687-க்கும் நடுவில்தான் வருகின்றன. பழைய பேரலில் போட்டால் குண்டு உருண்டு முன்னால் போய்விடும், வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும், ஒரு குண்டு வினாடிக்கு 240 அடி வேகம், அடுத்தது 290. பேரலைக் கழற்றி, குண்டை உள்ளே வைத்துச் சோதியுங்கள். தானாக உருண்டு விழக் கூடாது, வாயால் லேசாக ஊதினால் வெளியே வர வேண்டும்.

குண்டு தானாக விழுந்தால், உள்ளே செருகும் வெவ்வேறு அளவுக் குழாய்கள் கொண்ட பேரல் செட் ஒன்று வாங்குங்கள். ஃப்ரீக் என்ற செட்டில் 0.679 முதல் 0.695 வரை அளவுகள் உண்டு, ஆட்டோகாக்கர் மரையில் பின்பகுதி கிடைக்கும். வாங்குவதற்கு முன் கடைக்கு மார்க்கரையே கொண்டுபோய்க் கையால் திருகிப் பாருங்கள், இலகுவாக ஏறாவிட்டால் விட்டுவிடுங்கள், அலுமினிய மரையைப் பலவந்தம் செய்தால் உடம்பே போய்விடும். ஒரே அளவில் நல்ல பேரல் ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா என்றால், போதாது. காரணம் மைதானங்கள். வீட்டிலிருந்து குண்டு கொண்டுவரக் கூடாது, எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. அவர்கள் அந்த வாரம் எந்தப் பெட்டியைத் திறந்தார்களோ அதுதான் உங்கள் அளவு. நம் மார்க்கருக்கு எது பொருந்தும் என்று கேட்டால் "எல்லாம் 68தான்" என்று பதில் வரும். அது பதிலே இல்லை. இன்னொன்று, இப்போது சிறுவர்களுக்கு 0.50 குண்டு கொடுக்கும் மைதானங்களும் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் போய் நின்று திரும்பி வருவீர்கள்.

சிறிய குண்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்ப்பை இழுக்கும்போது இரண்டு குண்டு உள்ளே விழுந்து நசுங்கும். குண்டைத் தடுத்து நிறுத்தும் சிறிய முள் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அதையும் மாற்றிவிடுங்கள். மேலே வைக்கும் குண்டுக் குடுவைக்கு மோட்டார் எதுவும் வேண்டாம், கையால் பம்ப் செய்யும் வேகத்துக்குத் தானாக விழுவதே போதும்.

வேகம் அளக்காமல் ஒரு குண்டுகூட ஆள்மீது சுடக் கூடாது. பொதுவான உச்ச வரம்பு வினாடிக்கு 300 அடி, நிறைய மைதானங்களில் 280. ஸ்னைப்பரின் பின்பக்கத் திருகை உள்ளே திருகினால் ஹேமர் பலமாக அடிக்கும், வேகம் கூடும், வெளியே திருகினால் குறையும். கால் சுற்று திருகுங்கள், நாலைந்து குண்டு சுட்டு வேகம் அளக்கும் கருவியில் பாருங்கள், மறுபடி கால் சுற்று. வரம்பு 280 என்றால் நீங்கள் 265-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய மாஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள். கண்ணாடி வெளியே நன்றாகத்தான் தெரியும், ஆனால் பழைய லென்ஸ் ஒரு அடியில் பிளக்கலாம், பின்னால் இருப்பது உங்கள் மகன் கண். பெயின்ட்பால் கண் காப்புக்கான தரக்குறியான ஏஎஸ்டிஎம் எஃப்1776 பொறித்த புது மாஸ்க் வாங்குங்கள். பேரலின் வாயில் செருகும் பழைய பிளாஸ்டிக் அடைப்பானைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், கயிறு வைத்த துணி உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னணு மார்க்கர்களுக்கு எதிரே இது நிற்குமா என்பதுதானே உங்கள் மகனின் கேள்வியாக இருக்கும். முதல் பெயின்ட்பால் ஆட்டம் 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில் நடந்தது. 12 பேர், மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போட உங்கள் மிச்சிகன்காரர்களான நெல்சன் பெயின்ட் நிறுவனம் விற்ற நெல்ஸ்பாட் கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு விளையாடினார்கள். ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர் ஒரு குண்டுகூடச் சுடாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு போய் ஜெயித்தார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். முதல் நாள் மரங்கள் அடர்ந்த மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள், காற்றடைத்த பலூன் தடுப்புகள் வைத்த திறந்த மைதானம் வேண்டாம், அங்கே அவனுக்கு ஒதுங்க இடம் இருக்காது. சில இடங்களில் பம்ப் மட்டும் விளையாடும் நாள் என்று ஒதுக்கியிருப்பார்கள், போன் செய்து கேளுங்கள். அங்கே வருகிறவர்களின் பையில் 015 ஓ-ரிங் கூடுதலாக நாலு கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.