நாய் உள்ளே, ஏசி நின்றுபோனது: பதில்

ஆர்வியில் (வீடாகவே வாழ வசதியுள்ள வண்டி) குடியேறி இரண்டே மாதம், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வெயிலில் கடைக்குப் போய் வருவதற்குள் சர்க்யூட் பிரேக்கர் விழுந்து (ட்ரிப்பாகி) ஏசி நின்றுவிட்டது, நாய் மூச்சிரைக்கக் கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே பதறியது.

30 ஆம்ப் இணைப்பென்றால், அமெரிக்க 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட்தான். ஏசி கிட்டத்தட்டப் பாதியை விழுங்கும். மின்சாரத்தில் ஓடவிட்ட வாட்டர் ஹீட்டர் இன்னொரு 1,400 வாட். அப்புறம் ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜர். பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? கிளம்பும் முன் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்குங்கள். சொந்த சிம்மும் பேட்டரியும் உள்ளதாகப் பாருங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். எங்கள் நாய் கருப்பிக்காக அப்படி ஒன்றைக் கட்டிலுக்கடியில், அவள் படுக்கும் உயரத்திலேயே ஒட்டியிருக்கிறோம்.

ஜூலையில் பேசாமல் அரிசோனாவிலேயே மலைமேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறிவிடுங்கள். சுமார் 7,000 அடி உயரம், இரவில் போர்வை கேட்கும்.